மூன்று தண்ணீர்

கைப்பட்டையை அவிழ்த்த டாக்டர் சுல்மிரா
எண்ணைச் சொல்வதற்கு முன்
ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தாள்.
நூற்றெழுபத்திரண்டு. கீழே நூற்று நான்கு.
என்ன சாப்பிடுவீர்கள், பெல்மிரோ?
கிடைப்பதை, என்றேன்.
எது கிடைக்கும்?
ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், ஆலிவ் ஊறுகாய்,
புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி,
அப்புறம் சமையலறை ஆணியில்
பலகை மாதிரி விறைத்துத் தொங்கும் காட் கருவாடு.
அவள் எழுதிக்கொண்டே போனாள்.
குற்றப்பத்திரிகை நீளமாயிருந்தது.

நடப்பீர்களா?
நான் படகுக்காரன், டாக்டர்.
லிஸ்பனுக்கும் கசில்யாஷுக்கும் நடுவே
தினம் இருபது தடவை ஆற்றைக் கடக்கிறேன்.
கடப்பது படகு, என்றாள்.

மாத்திரை ஒன்று, காலையில்.
மீதி என் பொறுப்பு.

முதல் வாரம்
என் சூப் என்னோடு பேசவில்லை.
பூண்டு தட்டிப் போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன்,
கொத்தமல்லி ஒரு கட்டு முழுசையும் கிள்ளிப் போட்டேன்.
உப்பில்லாததற்குக் குப்பைதான் இடம் என்று
நாக்கு அடம்பிடித்தது.
குப்பைக்கூடையைத் திறந்தும் பார்த்தேன்.
பசி.
குடித்துவிட்டேன்.

கருவாட்டை மட்டும் விடவில்லை.
அதற்கு மூன்று தண்ணீர்.
எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும்.
ஒரே தண்ணீரில் ஒப்பேற்றிவந்தவன் நான்.
மனைவி இருந்தவரை அவள் மாற்றினாள்.
இப்போது பிராகாவில் வேறொருவனுக்கு மாற்றுகிறாள்,
அதைப் பேசினால் எண் ஏறும்.

முதல் தண்ணீரில் விரல் விட்டு நக்கினேன்:
அட்லாண்டிக்.
கொட்டிவிட்டு, புதுசு ஊற்றி,
கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

துறையிலிருந்து மேட்டுக்கு ஒரு லிஃப்ட் உண்டு.
காற்றின் வாய் என்று அதற்குப் பெயர்.
அதை விட்டுப் படியேறினேன்.
நாற்பதாவது படியில்
காற்று போய்விட்டது,
வாய் மட்டும் திறந்திருந்தது.

அங்கேதான் டொமிங்காஸ்.
கேப் வெர்டேக்காரி.
விடிவதற்குள் அக்கரையில்
மூன்று வங்கிகளின் தரையைத் துடைத்துவிட்டு
இரண்டு பைகளோடு ஏறிக்கொண்டிருந்தாள்.
உட்காராதே, என்றாள்,
நின்றபடியே மூச்சு வாங்கு.
பைக்குள் கைவிட்டுத் துழாவி
மாத்திரை அட்டையைக் காட்டினாள்,
அடையாள அட்டை காட்டுகிறவள் போல.
என்னுடையதேதான், அதே மஞ்சள்.

அதற்குப் பிறகு சேர்ந்தே ஏறினோம்.
பேச்சு கிடையாது.
பேச முடிந்தால் வேகம் போதாது என்பாள்,
பேசவே முடியாவிட்டால் அதிகம் என்பாள்,
எனக்கு எப்போதும் இரண்டாவது.

மார்ச்சில் எழுபதாவது படி.
மே மாதம் உச்சி.
மருந்துக்கடை மெஷினில் நூற்று நாற்பத்தொன்று!
அன்றிரவு அடெரிட்டோ வீட்டில் கொண்டாடினேன்,
தொத்திறைச்சி, சீஸ், இன்னும் தொத்திறைச்சி.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தான்
விடிய விடிய.
காலையில் மெஷின் நூற்று ஐம்பத்தெட்டு என்றது,
நாலு பேர் எதிரில்.

ஜூனில் நாலு நாள் டொமிங்காஸ் வரவில்லை.
யாரோ ராத்திரியோடு ராத்திரியாக
படிகளைக் கூட்டிவைத்தது போலிருந்தது.
ஐந்தாம் நாள்
முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்,
பைகளை மடியில் வைத்துக்கொண்டு.

தலை சுற்றல். வேறொன்றுமில்லை.
மாத்திரை?
சம்பளம் வரட்டும்.
எத்தனை நாளாச்சு?
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
டாக்டர் பார்த்த அதே பார்வை.

என் அட்டையில் பாதி இருந்தது.
நீட்டப் போனேன்.
மாத்திரை ஒன்றானாலும்
அளவு வேறு என்று ஒருநாள் இவளே சொன்னது
நினைவுக்கு வந்தது.
பையில் திரும்பப் போட்டுக்கொண்டு
லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன்.
தோற்றவர்கள் ஏறுவது அதில், என்றாள்.
ஏறு, என்றேன்.

இப்போது சுகாதார நிலையத்து நாற்காலியில் இருக்கிறோம்.
அவள் கண்ணை மூடியிருக்கிறாள்.
பைகள் என் மடியில்:
ஒன்றில் முட்டைக்கோஸ்,
மற்றதில் துடைக்கும் துணிகள்,
என் பேண்டில் ஈரம் இறங்குகிறது.
டோக்கன் நாற்பத்தேழு.
பலகையில் ஓடுவது பத்தொன்பது.
வீட்டில் கருவாடு
இரண்டாம் தண்ணீரிலேயே கிடக்கிறது.